மேரி சொமவில்: இருளில் கணிதம் பயின்ற பெண்மணி

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமை எமது வகுப்பில் ஒரே பேச்சுத்தான்: கணிதமா, உயிரியலா? கணிதத்தில் விசேட சித்தி பெற்றிருந்தும் எம்மிற் பலர் உயிரியலையே தெரிந்தெடுத்தோம். கணிதப் பிரிவுக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணலாம். வைத்தியராக வேண்டும் என்ற ஆசை உண்மையானதுதான். ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. அதை அப்போது நாம் வெளியே சொல்லவில்லை. வகையீடு, தொகையீடு, காவி என்ற சொற்களைக் கேட்டே பயந்துபோயிருந்தோம். கணிதம் ஆண்பிள்ளைகளுக்குரியது, பெண்பிள்ளைகள் மூளையைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை என்று வீட்டுக்கு வந்துபோன உறவினர்கள் சொல்லும்போது, மறுத்துச் சொல்ல எமக்கு ஒருவரின் கதையாவது தெரிந்திருக்கவில்லை.

நாற்பதைக் கடந்த வைத்தியராகிவிட்ட இந்நாளில், சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு எழுதும்படி கேட்கப்பட்டபோது, அந்தக் கிழமையில் நாம் அறிந்திருக்க வேண்டிய ஒருவரின் வாழ்க்கையையே எழுத எண்ணினோம். அவர் எமது நாட்டவர் அல்லர். எமது மண்ணை மிதித்தவரும் அல்லர். அவர் மறைந்து நூற்றைம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் விளக்கு இல்லாமற் படித்த எவருக்கும் அவர் அந்நியர் அல்லர்.

பிறப்பும் சிறுபராயமும்

மேரி சொமவில் 1780ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் ஜெட்பரோ என்னும் ஊரிற் பிறந்தார். தந்தை வில்லியம் ஜோர்ஜ் பெயார்பக்ஸ் கடற்படை அதிகாரி. கடலுக்குச் சென்ற கணவனை வழியனுப்பிவிட்டுத் திரும்பிய தாய், தம் சகோதரியின் வீட்டில் தங்கியிருந்தபோது குழந்தை பிறந்தது. மேரியின் இளமைக்காலம் எடின்பரோ நகருக்கு எதிர்க்கரையிலுள்ள பேண்டைலண்ட் என்ற சிறிய துறைமுக ஊரிற் கழிந்தது.

அக்காலத்தில் ஆண்பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு வேதாகமத்தை வாசிக்கத் தெரிந்தாற் போதும், வீட்டு வேலையும் தையலும் வந்தாற் போதும் என்றிருந்தார்கள். நீண்ட கடற்பயணம் முடிந்து தந்தை வீடு திரும்பியபோது மேரிக்கு எட்டோ ஒன்பதோ வயது. வாசிப்பு தட்டுத்தடுமாறியே வந்தது, எழுதத் தெரியாது. திடுக்கிட்ட தந்தை பத்தாவது வயதில் அவரை மசல்பரோ என்னுமிடத்திலிருந்த விடுதிப் பாடசாலைக்கு அனுப்பினார். உடல் நிமிர்ந்து நிற்பதற்காகப் பிள்ளைகளின் மார்புக்கு முன்னால் உருக்குச் சட்டத்தையும் நாடிக்குக் கீழே ஒரு கம்பியையும் வைத்துக் கட்டினார்கள். அந்தக் கட்டுக்குள் இருந்தபடி அகராதியின் பக்கங்களை மனனஞ் செய்வதே பாடம். ஒரு வருடம் மட்டுமே அங்கு இருந்தார். அவர் பெற்ற முழுநேரப் பள்ளிக்கூடக் கல்வி அவ்வளவுதான்.

வீடு திரும்பியதும் கையிற் கிடைத்த புத்தகங்களை எல்லாம் வாசித்தார். பெண்பிள்ளை தையலை விட்டுவிட்டு வாசித்துக்கொண்டிருக்கிறாளே என்று உறவுக்காரர் குறைகூறினர். உடனே ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தையல் பழக அனுப்பினார்கள். ஆனால் அவ்வூர் ஆசிரியர் மாலை வேளைகளில் வந்து பூகோள உருண்டையைப் பயன்படுத்தும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். ஜெட்பரோவிலிருந்த தாயின் சகோதரியின் கணவர், மதகுருவான தோமஸ் சொமவில், காலை உணவுக்கு முன்னர் அவருடன் அமர்ந்து இலத்தீன் வாசித்தார். பெண்பிள்ளை படிப்பது நல்லது என்று அவருக்குச் சொன்ன முதல் மனிதர் இவரே.

ஒரு சஞ்சிகையும் ஒரு மெழுகுவர்த்தியும்

மேரிக்குப் பதினைந்து வயதளவில் ஒரு தேநீர் விருந்துக்குப் போனார். அங்கே ஒரு பெண் தம் கைவேலையின் மாதிரியைக் காட்டுவதற்காக, உடைநாகரிகப் படங்கள் நிறைந்த மாத சஞ்சிகை ஒன்றை விரித்தாள். பக்கங்களைப் புரட்டியபோது புதிர்க்கணக்கு ஒன்று கண்ணிற்பட்டது. எண்களோடு எக்ஸ், வை என்ற எழுத்துக்கள் கலந்து கிடந்தன. இவை என்ன என்று கேட்டார். அது ஒருவகை எண்கணிதம், அட்சரகணிதம் என்பார்கள், அதற்கு மேல் தனக்கும் தெரியாது என்றாள் அந்தப் பெண். அந்தச் சொல் மேரியின் மனதில் தங்கிவிட்டது. வீட்டிலிருந்த புத்தகங்களில் அதைத் தேடினார், கிடைக்கவில்லை. கேட்பதற்கு எவரும் இல்லை. கேட்டாற் சிரிப்பார்கள் என்ற பயமும் இருந்தது.

அடுத்த துப்பு ஓவிய வகுப்பிற் கிடைத்தது. எடின்பரோவில் அலெக்சாண்டர் நாஸ்மித் என்ற ஓவியர் பெண்களுக்கு வகுப்பு நடத்தினார். தூரத்துப் பொருளைச் சிறிதாக வரையும் முறையைச் சரியாக விளங்கிக்கொள்ள யூக்கிளிட்டின் கேத்திரகணிதத்தைப் படிக்க வேண்டும். வானியலுக்கும் பொறிமுறைக்கும் அதுவே அத்திவாரம் என்று அவர் வேறு இரு பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அது மேரியின் காதில் விழுந்தது. எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அன்றுதான் அவருக்குத் தெரியவந்தது.

ஆனால் இளம்பெண் ஒருத்தி புத்தகக் கடைக்குள் நுழைந்து யூக்கிளிட் கேட்கக்கூடிய காலம் அதுவல்ல. தம்பிக்குப் பாடஞ் சொல்ல வீட்டுக்கு வந்த ஆசிரியரிடம் மெல்லச் சொன்னார். அவர் யூக்கிளிட்டையும் பொனிகாசில் எழுதிய அட்சரகணித நூலையும் வாங்கிவந்து, முதற் சில தேற்றங்களை விளக்கி, மேரி தாமாகப் படிக்கத் தொடங்கியதும் ஒதுங்கிக்கொண்டார்.

பகலெல்லாம் பியானோ, ஓவியம், தையல், விருந்தினர். இரவிற்றான் யூக்கிளிட். மெழுகுவர்த்தி வேகமாகத் தீர்வதை வேலைக்காரர்கள் தாயிடம் முறையிட்டார்கள். மேரி படுக்கைக்குப் போனதும் மெழுகுவர்த்தியை எடுத்துவிடும்படி தாய் கட்டளையிட்டார். அதற்குள் மேரி முதல் ஆறு பாகங்களை முடித்துவிட்டிருந்தார். இனி என்ன செய்வது? ஒவ்வோர் இரவும் கண்ணை மூடிக்கொண்டு, முதலாம் தேற்றத்திலிருந்து தொடங்கி, உருவத்தை மனதில் வரைந்து, ஒவ்வொரு படியாக நிறுவிப் பார்த்தார். பல மாதங்களின் பின் ஆறு பாகங்களும் புத்தகமின்றி அவருக்குள் இருந்தன. மகளுக்குப் புத்தி பேதலித்துவிடுமோ என்று தந்தை உண்மையாகவே அஞ்சினார்.

இந்த இடத்தில் எமது சமவயதுத் தோழியர் சற்று நின்றிருப்பார்கள். மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி இருந்து படித்தோமே! மண்ணெண்ணெய் முடிந்துவிடும், அணைத்துவிட்டுப் படுங்கோ என்று அம்மா சொன்ன பிறகு, பாயிற் கிடந்தபடி நாங்களும் சமன்பாடுகளைச் சொல்லிப் பார்த்தோம். ஒரு வேறுபாடு உண்டு. எமது அம்மாமார் விளக்கை அணைத்தது எண்ணெய்க்காக. படிப்பை நிறுத்துவதற்காக அல்ல.

மணமும் இழப்பும் மீள்தொடக்கமும்

1804இல் மேரி, லண்டனில் ருஷிய நாட்டுக் கொன்சலாக இருந்த சாமுவேல் கிரெய்க்கை மணந்தார். கணவர் படிக்க வேண்டாம் எனத் தடுக்கவில்லை. ஆனால் பெண்களின் அறிவில் அவருக்கு மதிப்பு இருக்கவில்லை. 1807இல் அவர் இறந்தார். இரண்டு சிறு மகன்களோடு மேரி பேண்டைலண்டுக்குத் திரும்பினார். அக்காலத்து ஊர்க்கண்ணுக்கு அவர் ஒரு கைம்பெண். ஆனால் தம் பணத்துக்கும் நேரத்துக்கும் முதன்முறையாகத் தாமே உரிமையாளர்.

வீட்டார் முகஞ்சுளிப்பைப் பொருட்படுத்தாமல் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். தளத் திரிகோணகணிதம், கோளத் திரிகோணகணிதம், கூம்பு வளைவுகள், வானியல் என ஒவ்வொன்றாக முடித்தார். நியூட்டனின் பிரின்சிப்பியாவைத் திறந்தபோது கடினமாக இருந்தது. மனந்தளராமல் மூடிவைத்தார், ஆயத்தமானபின் மீண்டும் திறந்தார். கணிதப் பேராசிரியர் வில்லியம் வொலஸ் அவருக்குக் கடிதமூலம் வழிகாட்டினார். 1811இல் கணித சஞ்சிகை ஒன்றின் பரிசுக் கணக்கைத் தீர்த்து, தம் பெயர் பொறித்த வெள்ளிப் பதக்கம் பெற்றார். முன்பு ஒரு சஞ்சிகையில் எக்ஸையும் வையையும் கண்டு திகைத்தவர் அவர்.

வொலஸிடம் ஒரு புத்தகப் பட்டியல் கேட்டார். வந்த பட்டியலைப் பார்த்தால் இன்றைய உயர்தர, பல்கலைக்கழகப் பாடத்திட்டம் போலவே இருக்கிறது. பிரான்கர் எழுதிய தூயகணிதமும் பொறிமுறையும், ஒயிலரின் அட்சரகணிதம், பியோவின் பகுமுறைக் கேத்திரகணிதம், லக்ருவாவின் வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும், புவசோனின் பொறிமுறை. எல்லாவற்றுக்கும் மேலே லப்பிலாஸின் வான்பொறிமுறை. முதலில் அட்சரகணிதம், பின் கேத்திரகணிதம், பின் நுண்கணிதம், அதன்பின் பௌதிகம். அந்தச் சிறிய நூலகம் கைக்கு வந்தபோது அவருக்கு முப்பத்துமூன்று வயது. நாம் பதினேழு வயதில் இணைந்த கணிதத்துக்குப் பிந்திவிட்டோம் என்று அழுதவர்கள்.

1812இல் வைத்தியரான வில்லியம் சொமவிலை மணந்தார். மேரி பிறந்த வீட்டின் மகனே அவர். எமது வழக்கில் அண்ணன் முறை. அவர்கள் நாட்டில் அதற்குத் தடையில்லை. மணத்துக்கு முன்பே அவருடைய சகோதரி ஒருவர் மேரிக்குக் கடிதம் எழுதி, இந்த மூடத்தனமான படிப்பைக் கைவிட்டு நல்ல மனைவியாக நடக்கும்படி புத்தி சொன்னார். வில்லியம் அதை அறிந்து கடுங்கோபங் கொண்டார். மனைவிக்காக நூலகங்களில் தேடி, கையெழுத்துப் பிரதிகளைப் படியெடுத்து, அவருடைய பெருமையைத் தம் பெருமையாகக் கொண்ட கணவர் அவர். எமது தொழிலைச் சேர்ந்தவர் என்பதிலே எமக்கும் சிறிது கர்வம்.

இன்பம் மட்டுமே இருந்ததென்று எண்ண வேண்டாம். 1814இல் ஒரு மகனை இழந்தார். கைக்குழந்தையாக இன்னொரு மகனும் போனான். 1823இல் மார்கரெட் என்ற மகளும் இறந்தாள். 1826இல் ஊதாக் கதிர்கள் ஊசியைக் காந்தமாக்கும் என்ற ஆய்வுரை ரோயல் சொசைற்றியின் வெளியீட்டில் வந்தது. அதன் முடிவு தவறென்று பின்னர் தெரிந்தது. தவறியது என்பதற்காக அவர் விஞ்ஞானத்தை விட்டு ஓடவில்லை.

வான்பொறிமுறை

1827இல் புரூம் பிரபு ஒரு கடிதம் எழுதினார். மேரிக்கு அல்ல, கணவருக்கு. லப்பிலாஸின் பெருநூலை ஆங்கில வாசகருக்கு விளங்கும்படி எழுத மேரியை இசையச் செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்நூல் கோள்கள், சந்திரன், கடல்வற்றுப்பெருக்கு ஆகியவற்றின் இயக்கத்தை ஈர்ப்பு விதியிலிருந்து கணித்துக் காட்டுவது. அதை வாசிக்கக்கூடியவர்கள் பிரித்தானியாவில் மிகச் சிலரே. காரணம் அறிவுக் குறைவு அன்று, ஆயத்தக் குறைவு. நியூட்டனின் மேலுள்ள பற்றினால் பிரித்தானியர் நூறாண்டுகளாக அவருடைய புள்ளிக் குறியீட்டையே பிடித்துக்கொண்டிருந்தனர். ஐரோப்பியர் லைப்னிற்சின் குறியீட்டைக் கொண்டு வெகுதூரம் போய்விட்டனர். இன்று எமது பிள்ளைகள் தூயகணிதத்தில் டி வை, டி எக்ஸ் என்று எழுதுவது லைப்னிற்சின் முறை. பிரயோககணிதத்தில் வேகத்துக்கு எக்ஸின் தலையில் புள்ளி இடுவது நியூட்டனின் முறை. மேரி இரண்டையும் தாமே பயின்றிருந்தார்.

இரகசியமாக எழுதுவேன், சரிவராவிட்டால் பிரதியை நெருப்பிலிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். தனி அறை கிடையாது. விருந்தினர் அறையிலேயே எழுதினார். வாசல் மணி அடித்தால் தாள்களை மறைப்பார். குழந்தைகள், சமையல், வந்தவர் போனவர் எல்லாம் பார்த்துவிட்டு, புத்தகத்தில் அடையாளம் வைத்த பக்கத்தைத் திறப்பதுபோல விட்ட வரியிலிருந்து மீண்டும் தொடங்கப் பழகிக்கொண்டார். வீட்டையும் வேலையையும் ஒன்றாகச் சுமக்கும் எம் சங்கத்துத் தாய்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லப்பிலாஸ் தாண்டிச் சென்ற படிகளை மேரி நிரப்பினார். உருவமின்றி இருந்ததற்கு உருவம் வரைந்தார். தொடக்கத்தில் நீண்ட முன்னுரை சேர்த்து, உள்ளே நுழைய என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை எடுத்துரைத்தார். 1831இல் நூல் வெளிவந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உயர் கணித மாணவர்களுக்கு அது பாடநூலாயிற்று. அந்த வகுப்பறையில் ஒரு மாணவியாக அமர மேரிக்கு அனுமதி இருக்கவில்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்க 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ரோயல் சொசைற்றி அவருடைய மார்பளவுச் சிலையைத் தன் மண்டபத்தில் வைத்தது, உறுப்பினராக்கவில்லை.

1834இல் பௌதிக விஞ்ஞானங்களின் தொடர்பு பற்றிய நூலையும் 1848இல் பௌதிகப் புவியியல் நூலையும் எழுதினார். 1835இல் கரோலின் ஹேர்ஷலுடன் ரோயல் வானியல் சங்கத்தின் கௌரவ உறுப்பினரானார். இளம் அடா லவ்லேஸுக்குக் கணிதத்தில் வழிகாட்டினார். 1838இல் கணவரின் உடல்நலத்துக்காக இத்தாலிக்குக் குடிபெயர்ந்தார். 1860இல் கணவரையும் 1865இல் எஞ்சியிருந்த ஒரே மகனையும் இழந்தார். 1868இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் பாராளுமன்றத்துக்குச் சென்ற மனுவில் முதற் கையொப்பம் அவருடையது. 1869இல், எண்பத்தெட்டு வயதில், கடைசி விஞ்ஞான நூலை வெளியிட்டார்.

முதுமையில் பெயர்கள் மறந்தன, காது மந்தமாயிற்று. ஆயினும் காலையில் நான்கைந்து மணிநேரம் படுக்கையில் இருந்தபடி உயர் அட்சரகணிதம் படித்தார். விளங்காத இடம் வந்தால் மூடிவைத்து மறுநாள் பார்ப்பார். 1872 நவம்பர் 29ஆம் திகதி நேப்பிள்ஸ் நகரில் காலமானார். கணிதம் பெண்ணின் உடலையும் மனதையும் கெடுக்கும் என்று தந்தை அஞ்சிய அந்த மகள் தொண்ணூற்றொரு வயதுவரை தெளிந்த புத்தியோடு வாழ்ந்தார். வைத்தியர் என்ற முறையில் இதற்கு மேல் நாம் சொல்ல ஒன்றுமில்லை.

எமக்கும் எம் பிள்ளைகளுக்கும்

உயிரியல் பிரிவில் நாம் பயின்ற பௌதிகவியலில் வேக-நேர வரைபின் சரிவு ஆர்முடுகல், கீழுள்ள பரப்பு இடப்பெயர்ச்சி என்று படித்தோம். அது வகையீடும் தொகையீடும்தான் என்று அறியாமலே புள்ளிகள் பெற்றோம். மருத்துவபீடத்தில், மருந்து உடலிலிருந்து வெளியேறும் அரைவாழ்வுக் காலத்தின் சூத்திரத்தை மனனஞ் செய்தோம். உள்ள அளவுக்கு விகிதமாகவே குறையும் வீதமும் இருக்கிறது என்ற ஒரே வாக்கியத்திலிருந்து அந்தச் சூத்திரம் முழுவதும் பிறக்கிறது என்பது பல வருடங்கள் கழித்தே விளங்கியது. சிறுநீரகம் பழுதான ஒரு நோயாளிக்கு இரண்டாவது மருந்தளவை எப்போது கொடுப்பது என்று கட்டிலருகில் நின்று யோசித்த ஓர் இரவில், நாம் ஓடி ஒளிந்த பாடம் எம்மைத் தேடிவந்து நின்றது. பதினாறு வயதில் எமக்கு இல்லாமற்போனது மூளையல்ல என்று அன்று விளங்கியது.

இப்போது சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகள், கணிதப் பிரிவு கடினமா என்று கேட்கிறார்கள். மேரியின் பட்டியலைக் காட்டி நாம் சொல்வது இதுதான்: வகையீடு கடினமன்று, அதன் கீழேயிருக்கும் அட்சரகணிதம் ஆடிக்கொண்டிருந்தால்தான் கடினம். பெறுபேறு வரும்வரை கிடைக்கும் மாதங்களில் காரணிப்படுத்தல், பின்னங்கள், சுட்டிகள், மடக்கைகள், திரிகோணகணிதம் ஆகியவற்றைக் கை தானாக ஓடும்வரை செய்யுங்கள். ஒரு சார்பைக் கண்டதும் அதன் வரைபை மனதில் காணப் பழகுங்கள். பௌதிகத்துக்கு, ஒரு பொருளின்மேல் தாக்கும் விசைகளைத் தனியே வரைந்து குறியுங்கள். விடையின் அலகு சரியா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒரு நிறுவலைப் படித்தபின் புத்தகத்தை மூடி, விளக்கில்லாமல் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். விளங்காவிட்டால் நாளைக்குத் திறவுங்கள். முதலாந் தவணை ரியூசனுக்கு முந்தியே இவற்றைச் செய்தவள் பயப்பட மாட்டாள்.

உலகெங்கும் பரந்திருக்கும் எம் சகோதரிகளுக்கும் ஒரு சொல். மேரி மறைந்த பின்னர் அவருடைய கணித நூலகம் வீட்டு அலுமாரியில் தூசு படியவில்லை. கேம்பிரிட்ஜிற் பெண்களுக்காகத் தொடங்கப்பட்ட கேட்டன் கல்லூரிக்கு அந்தப் புத்தகங்கள் போய்ச் சேர்ந்தன. முப்பத்துமூன்று வயதில் தேடி வாங்கியவை, பதினெட்டு வயதுப் பெண்களின் கைக்குக் கிடைத்தன. 1879இல் ஒக்ஸ்போர்டில் எழுந்த பெண்கள் கல்லூரியும் அவர் பெயரைத் தாங்கியது. இரசாயனவியலுக்கான நோபல் பரிசு பெற்ற டொரதி ஹொட்ஜ்கினும் இந்திரா காந்தியும் படித்தது அங்கேதான்.

எம்மில் பொறியியலாளரும் கணித ஆசிரியைகளும் கணக்காளரும் இருக்கிறார்கள். கணிதத்தைக் கண்டு ஓடிய எம்மைப் போன்ற வைத்தியர்களும் இருக்கிறார்கள். இந்த நூற்றாண்டில் ஒவ்வொருவரும் கல்லூரி நூலகத்துக்கு ஒரு நல்ல கணித, பௌதிகப் புத்தகம் அனுப்பலாம். முடிந்தவர்கள் கிழமைக்கு ஒரு மணிநேரம் திரையின் வழியே ஒரு மாணவியோடு அமரலாம். அடுத்த முறை பெறுபேறு வரும் கிழமையில், எமது கல்லூரியின் ஒரு பிள்ளை கணிதத்தையோ உயிரியலையோ ஆசைப்பட்டுத் தெரிந்தெடுக்கட்டும். பயத்தினால் எதையும் விடாதிருக்கட்டும்.